ராகு காலம் இல்லாத ஆஸ்பத்திரி

மஸ்கட்டில் எங்கள் அலுவலகத் தேநீர் அறையில் தேவசகாயம்தான் அந்தச் செய்தியை என்னிடம் சொன்னான். அவனுக்கு அவன் மச்சினிச்சி சொன்னது. மச்சினிச்சிக்கு, பண்ருட்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த ஒரு அம்மாள் சொன்னது.

“மச்சான், ஒங்க ஊரு பக்கம் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருக்குதாமே. அங்க ராகு காலத்துல கொழந்தையே பொறக்காதாம்.”

“யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுதாம். அங்க கம்ப்யூட்டர்கிட்ட ஒரு பொண்ணு ஒக்காந்திருக்குதாம். சத்யாவோ என்னாவோ பேரு. ராகுவ வாசல்லயே நிக்க வெச்சிடுதாம் அது.” கோப்பையை ஆட்டிக்கொண்டே சிரித்தான். “எங்க வேதத்துல இதெல்லாம் கெடையாது. ஆனா ஜனங்க கிள்ளையிலேருந்து வண்டி வெச்சிக்கிட்டு வருதாம், பாத்துக்க.”

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். இருக்கைக்குத் திரும்பிய பிறகு, வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் யோசிக்கிறவனைப் போல, பழைய மத்தியானம் ஒன்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவசகாயம் இதைச் சொன்னது 2009இல். ராகுவை வாசலில் நிறுத்தியது சத்யப்பிரியா இல்லை. நான்.

2004இல் சிதம்பரத்தில் படிப்பை முடித்துவிட்டு, தினமும் பஸ் ஏறித் திருப்பாதிரிப்புலியூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். டாக்டர் ஸ்வர்ணலதாவின் பிரசவ ஆஸ்பத்திரி, பதினான்கு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், கறகறவென்று சத்தம் போடும் ஒரு பிரிண்டர். புரோகிராம் முழுவதும் நானே எழுதியது. டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் உத்திராபதிதான் மேனேஜர். வாசல் பக்கம் மேஜை போட்டு, வருகிறவர்களின் முகத்தைவிடச் சுவர்க் காலண்டரை அதிகம் பார்ப்பவர்.

ஒரு மத்தியானம் கூப்பிட்டார்.

“தம்பி அம்பலவாணா, அட்மிஷன் சீட்டுல மணி விழுவுது பாரு, அதுதான் வெனையே. இன்னிக்கி திங்கக்கெழம. காலைல எட்டு மணிக்கு வலியோட ஒரு பொண்ணு வந்துச்சு. ராகு காலத்துல போட்ட சீட்டு வேணாம்னு மாமியாக்காரி அத ரோட்டுலயே நிக்க வெச்சிட்டா.”

“மணிய எடுத்துடலாமா சார்?”

“எடுத்தா டாக்டரம்மா திட்டும். மணி இருக்கணும். ராகு காலம் இருக்கக் கூடாது.”

இருபது நிமிட வேலை. வாரத்துக்கு ஏழு நாள், ஏழு வரி. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் எந்த நேரமாக இருந்தாலும் அதை ஒன்பது ஒன்று என்று எடுத்துக்கொள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு ஒன்று. இப்படி ஏழு. மறுநாள் முதல் எந்த மாமியாரும் ரோட்டில் நிற்கவில்லை. உத்திராபதி எனக்குப் பாதாம் பால் வாங்கித் தந்தார்.

அந்த ஏழு வரிகளைச் சீட்டு அச்சாகும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். சோம்பலில், மணி என்ன என்று புரோகிராம் கடிகாரத்தைக் கேட்கிற இடத்திலேயே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எதற்காக மணி கேட்டாலும் அதே பதில்தான் வந்தது. பிரசவ அறையிலிருந்து நர்ஸ் முத்தம்மாள் “பொண்ணு” என்றோ “பையன்” என்றோ குரல் கொடுப்பாள். கம்ப்யூட்டரில் இருப்பவர் ஒரு கீயை அமுக்க வேண்டும். பிறந்த நேரம் தானாக விழும். திரையில் ‘பதிவானது’ என்று மட்டும் வரும். வீட்டுக்குப் போகும் நாளில்தான், ஜாதகம் எழுதுவதற்கென்று, நேரம் போட்ட ரோஸ் நிறச் சீட்டு அச்சாகும்.

2006இல் ஒரு வெள்ளிக்கிழமை என் காதாலேயே குழந்தையின் அழுகையைக் கேட்டேன். மணி பதினொன்று. மூன்றாம் நாள் சீட்டில் பன்னிரண்டு ஒன்று. பிழை தேடுவதற்கென்று நான் மட்டும் வைத்திருந்த பூட்டிய கோப்பு ஒன்று உண்டு. கடிகாரம் சொன்ன உண்மையான நேரமெல்லாம் அதில் விழுந்துகொண்டே இருக்கும். அதைத் திறந்து, தேதி போட்டு, ‘பிறந்த நேரமும் மாறுகிறது. சரி செய்ய வேண்டும். அம்பலவாணன்’ என்று எழுதினேன். நாளைக்குச் செய்யலாம் என்று மூடினேன். சரிசெய்தால், அதுவரை பிறந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அந்தக் கேள்வியோடு ஆறு மாதம் போனது. பிறகு மஸ்கட் விசா வந்தது. கிளம்புகிற அன்று அந்த ஏழு வரிகளுக்கு மேலே ‘இதைத் தொடாதே’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

என் நாற்காலிக்கு வந்தவள்தான் சத்யப்பிரியா. திருவதிகைக்காரி. அப்பாவுக்குக் கொஞ்சம் முந்திரிக்கொல்லை. பண்ருட்டியில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள். மஸ்கட்டில் அப்போது வெள்ளிக்கிழமை விடுமுறை. அதைத் தெரிந்துகொண்டு வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுவாள்.

முதல் போன் இப்போதும் காதில் இருக்கிறது.

“சார், ஒங்க புரோகிராம்ல எல்லாம் ரெண்டு மூணா இருக்குது. பேஷண்ட் லிஸ்ட்டுன்னு ஒண்ணு, புதுசுன்னு ஒண்ணு, கடைசின்னு ஒண்ணு. எது சார் கடைசி?”

“புதுசும்மா.”

“அப்ப கடைசின்னு இருக்குறது?”

“அது பழசு.”

சிரித்தாள். “ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்? அவுங்க பாவம்.” பிறகு, “ஒரு எடத்துல தொடாதேன்னு போட்டிருக்குதே, அது என்னா?”

“தொடாத. தொட்டா மொத்தமும் நின்னுடும்.”

“சரிங்க சார்.”

எதுவும் நின்றிருக்காது. ஆனால் அவள் நான்கு வருடம் அதைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் பிளக் இருந்த எதற்கும் அவள்தான் பொறுப்பு. மிக்ஸி ஓடவில்லை என்றால் அவள். வரவேற்பு அறை டி.வி.யில் சத்தம் வரவில்லை என்றால் அவள். யாரோ ஒரு பெரியவர் தன் காது மெஷினைக் கழற்றி அவள் மேஜையில் வைத்துவிட்டு, பதில் கேட்காமலேயே காத்திருந்தார். முத்தம்மாள் வெந்நீர் வைக்க யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்குவாள், அரை நாள் பதிவு போகும். “ஒரு கெட்டிலுதான சத்யா, அதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிற?” பிரிண்டருக்காகப் புதுச்சேரி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால், “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்” என்று ஒருவன் சொல்வான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாயிற்று என்றால், “இன்னொரு தடவ பண்ணுங்க மேடம்” என்பான். நான்கு வருடமாக அதே குரல். அவனுக்குக் கல்யாணமானதும் குழந்தை பிறந்ததும்கூட அவளுக்குத் தெரியும்; பிரிண்டருக்கு என்ன நோய் என்பது மட்டும் இருவருக்கும் தெரியாது.

நான் விட்டுவிட்டு வந்த பிழைகளை அவள் என்னுடையவை என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ‘நம்ம புரோகிராம்’ என்பாள். ‘நம்ம’ என்று கேட்கும்போதெல்லாம் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிப்பேன்.

2010இல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அவளைப் பார்க்கப் போனேன். அது வரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, கிள்ளை என்று எங்கிருந்தெல்லாமோ வந்த வண்டிகள். உத்திராபதி மேஜையை நகர்த்தி நாற்காலிகள் போட்டிருந்தார். கர்ப்பிணிகள் சத்யப்பிரியாவை, கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் எதையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு எலிக்குட்டியின் வாலை இழுப்பதுபோல மவுஸ் வயரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

தேநீர் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அவள் தெருவில் ஒரு குழந்தை இருப்பதாகச் சொன்னாள். பெயர் மதுரா. இரண்டு வயசு.

“அம்மா புஷ்பவள்ளி எங்க தெருப் பொண்ணு. கிள்ளையில குடுத்திருக்கு. பாப்பா மூலம் மொத பாதத்துல பொறந்துடுச்சி சார். தகப்பனுக்கு ஆவாது, அஞ்சு வயசு வரைக்கும் மொகத்தையே பாக்கக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. அதனால அம்மாச்சி வீட்டுலயே வளருது. புஷ்பவள்ளி அக்கா மாசத்துல ரெண்டு நாளு வந்து பாத்துட்டு அழுதுட்டுப் போவும்.”

“அப்பா?”

“இளவரசுன்னு பேரு. டாடா ஏஸ் ஓட்டுறாரு. திங்கக்கெழமயானா பண்ருட்டிக்குப் பலாப்பழ லோடு ஏத்த வருவாரு. எங்க தெரு முனையில வண்டி நிக்காது. ஹாரன மட்டும் ரெண்டு தடவ அடிச்சிட்டுப் போயிடுவாரு. பாப்பா உள்ளேருந்து ‘அப்பா போவுது’ன்னும். அதுக்கு அப்பான்னா அந்த ஹாரன்தான் சார்.”

“எங்க பொறந்த கொழந்த?”

“நம்ம ஆஸ்பத்திரிதான். ஆவணி மாசம், திங்கக்கெழம. நான்தான் கீய அமுத்துனேன். ஒம்போது ஒண்ணு.”

திங்கட்கிழமை ஒன்பது ஒன்று. தேநீர் வந்தது. சர்க்கரை ஜாஸ்தி என்றேன். அவள் வேறு கொண்டுவரச் சொன்னாள். அதைக் குடித்துவிட்டுச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் ஒவ்வொரு வண்டியின் ஹாரனும் இரண்டு தடவை அடிப்பதுபோலவே கேட்டது.

மஸ்கட்டுக்கும் நம் ஊருக்கும் சரியாக ஒன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே ஒன்பது என்றால் இங்கே ஏழரை. அந்த ஆஸ்பத்திரியில் நான் வெட்டியெடுத்த நேரங்களெல்லாம் எங்கே போயின என்று யோசிக்கும்போது, அவை கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்ததாகத் தோன்றும். நான் நடப்பது, தூங்குவது, சாப்பிடுவது எல்லாம் அந்த ஒன்றரை மணிக்குள்தான். அதில் தொலைந்த அழுகைகள், ஏ.சி. ஓடும் சத்தத்துக்குப் பின்னால் மெல்லக் கேட்கும்.

2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் வந்தது. கடலூரில் மரமும் கம்பமும் சாய்ந்து கரண்ட் போனது. முந்திரிக்கொல்லை மொத்தமும் படுத்துவிட்டதாகச் சத்யப்பிரியா சொன்னபோது அவள் குரல் மாறவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு மட்டும் ஜெனரேட்டர். கம்ப்யூட்டருக்கு இல்லை. மூன்று வாரம், ஒரு நீளமான நோட்டில் பேனாவால் எழுதினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பிறந்த நேரம் எழுதினாள்.

முதல் திங்கட்கிழமை எட்டே காலுக்கு ஒரு பையன் பிறந்தான். உத்திராபதி ஓடி வந்து நோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். புதனன்று மத்தியானம் ராகு காலத்தில் ஒரு குழந்தை. சனிக்கிழமை காலை ராகு காலத்தில் இரண்டு குழந்தைகள்.

“பொயலு கதவப் பேத்துக்கிட்டுப் போயிடுச்சி, ராகு உள்ள பூந்துட்டான்,” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

முத்தம்மாள் சும்மா இருக்கவில்லை. “நம்ம சத்யா பேனாவத் தொட்டதும் பவரு போயிடுச்சி சார்.”

மூன்று வாரத்தில் ராகு காலத்தில் ஐந்து பிறப்பு. அதற்கு முன் நான்கு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. சத்யப்பிரியா சிரிக்கவில்லை, அந்த இரண்டு எண்களையும் நோட்டின் கடைசித் தாளில் அருகருகே எழுதிவைத்தாள். கரண்ட் வந்த அன்று, தொடாதே என்று நான் எழுதியிருந்த இடத்தைத் தொட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. அலுவலக நேரத்தில் போன் வந்தது.

“சார், இதத் தொட்டா மொத்தமும் நின்னுடும்னீங்க. எதுவும் நிக்கலியே.”

நான் போனோடு எழுந்து வராந்தாவுக்குப் போனேன்.

“மதுரா பாப்பா எத்தன மணிக்குப் பொறந்துச்சி சார்?”

“தெரியாது சத்யா.”

“கீய அமுத்துனது என் வெரலு. புஷ்பவள்ளி அக்கா அன்னிக்கே சொல்லுச்சி. பக்கத்து ஸ்கூல்ல பிரேயர் மணியே அடிக்கல, அதுக்கு முன்னாடியே பாப்பா அழுதுடுச்சின்னு. வலியில கெடக்குறவளுக்கு என்னா தெரியும், கம்ப்யூட்டரு பொய் சொல்லுமான்னுட்டாங்க. நானும் அதத்தான் சொன்னேன் சார். பெத்தவகிட்ட.”

மேனேஜரிடம் சொல்லிவிட்டாளா என்று கேட்டேன். நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்பதை மறைக்க வழியில்லை.

“சொல்லிட்டேன். ஏழு வரிய எடுத்துடு, ஆனா பழசப் பத்தி வாயத் தொறந்தா வேலக்கி வரவேணாம்னுட்டாரு. அது இருக்கட்டும். பூட்டுன ஃபைலு ஒண்ணு கெடக்குது, தெனமும் பெருசாவுது. அதுலதான் நெசமான மணி இருக்குதா?”

“இருக்கலாம்.”

“பாஸ்வேர்டு சொல்லுங்க சார். ஜூன் மாசம் பாப்பாவ எல்.கே.ஜி. சேக்கணும். கிள்ளையில சேக்குறதா, திருவதிகையில சேக்குறதான்னு அந்த வூட்ல தெனமும் சண்ட. மணி தெரிஞ்சா புள்ள அப்பன் வூட்டுக்குப் போவும்.”

நினைவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அது என் பழைய டி.வி.எஸ். ஐம்பதின் வண்டி நம்பர். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கோப்பைத் திறந்தால் முதலில் வருவது, 2006ஆம் வருடத் தேதியும் என் பெயரும். தெரியாமல் செய்தவன் என்று இன்னும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நினைப்பை இழக்க மனம் வரவில்லை. அவள் மூன்று மாதத்தில் நான்கு தடவை கேட்டாள். தமிழில் இரண்டு பொய், ஆங்கிலத்தில் மின்னஞ்சலில் இரண்டு பொய். ஆங்கிலத்தில் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

சித்திரையில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. பதினைந்து நாள் யாருமே என்னைத் திட்டாத அந்த அமைதியில், அலுவலக வாகன நிறுத்தத்தில் யாரோ இரண்டு தடவை ஹாரன் அடித்தார்கள். மேலே போய் வண்டி நம்பரை அனுப்பினேன். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

‘பார்த்துட்டேன் சார். 8.05. அன்னைக்கு மூலம் 8.40க்குத்தான் ஆரம்பம்னு பஞ்சாங்கத்துல இருக்கு. பாப்பா கேட்டை. உங்க 2006 குறிப்பையும் பார்த்தேன்.’

அவ்வளவுதான். குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாக எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நானே கூப்பிட்டேன். அவள் எடுத்தாள். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். “அத அப்புறம் பாத்துக்கலாம் சார்” என்றாள். ஜோசியர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“கேட்டைக்கு வேற தோஷமாம். கட்டிக்கிறவனோட அண்ணனுக்கு ஆவாதாம். அப்பனுக்கு ஒண்ணும் இல்லியாம். அண்ணன் இல்லாத மாப்ளையா பாத்துக்கலாம், இப்பலேருந்தே தேடுங்கன்னு புஷ்பவள்ளி அக்கா சிரிக்குது. ரெண்டாவது பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு வந்திருக்குது.”

“இளவரசு?”

“அவருதான் நம்பல. போன்ல சொன்னதுக்கு, அன்னிக்கிம் கம்ப்யூட்டருதான் சொல்லுச்சி, இன்னிக்கிம் கம்ப்யூட்டருதான் சொல்லுதுன்னு வெச்சிட்டாரு. அவரு கேக்குறதுல தப்பில்ல சார். அதான் ஆஸ்பத்திரிப் பேரு போட்ட தாள்ல, என்னா நடந்துச்சின்னு ஒரு பக்கம் எழுதி, கீழ நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“வேல போயிடுமே சத்யா.”

“போவும்.” பிரிண்டரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். “நாளக்கித் திங்கக்கெழம. எட்டு மணிக்கு அந்த வண்டி தெரு முனைக்கு வரும். ரோட்டுக்கு நடுவுல நின்னு நிறுத்தப் போறேன். பாப்பாவும் கூட வருது.”

“ராகு காலமாச்சே.”

“பாப்பா பொறந்த நேரம்தான சார் அது.”

“தாள்ல என் பேரையும் போடு,” என்றேன்.

“போட்டிருக்கேன்,” என்றாள்.

இன்று திங்கட்கிழமை. இங்கே ஆறே முக்கால். அங்கே எட்டே கால். வெயில் இன்னும் சுவரில் ஏறவில்லை. ஆறரையிலிருந்தே போனைக் கையில் வைத்திருந்தேன். இப்போதுதான் போட்டேன்.

மணி அடிக்கிறது. அவள் கைப்பை தோளில் தொங்கும். கையில் அந்தத் தாள். இன்னொரு கையில் மூன்றரை வயதுக் குழந்தையின் விரல். சாலையின் அந்தக் கோடியில், பலாப்பழம் ஏற்றப்போகிற காலி வண்டி. ஹாரன் இரண்டு தடவை அடித்துவிட்டுப் போய்விட்டதா, இல்லை, அடிக்காமலேயே நின்றுவிட்டதா? இங்கிருந்து தெரியாது. மணி அடிக்கிறது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு மணிக்கும் இடையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மணி இன்னும் அடிக்கிறது.